நனைந்த பாயும் ஆறு மாதக் கேள்வியும்

யாழ்ப்பாணத்துப் புத்தூர்ச் சந்திக்கு அண்மையில் ஏதாவதொரு பாடசாலையில், முதலாம் தரத்தில் 30 பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் நான்கைந்து பேர் இரவில் பாயில் சலம் போகிறவர்களாக இருப்பார்கள். பல நாடுகளில் எடுத்த கணக்குகள் ஏறத்தாழ ஒரே கதையைத்தான் சொல்கின்றன. 5 வயதில் நூற்றுக்கு 15 பேருக்குக் குறையாமல், 7 வயதில் 10 பேர், 10 வயதில் 5 பேர். 15 வயதிலும் ஒன்றிரண்டு பேர் மிஞ்சுவார்கள். பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளிடம் இது ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் தன்னைப்போல் இன்னொருவன் பக்கத்து வாங்கிலேயே இருக்கிறான் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பாடசாலை வாசலில் காத்து நிற்கும் தாய்மார் காய்ச்சலைப் பற்றிப் பேசுவார்கள், புழுவுக்குக் கொடுத்த மருந்தைப் பற்றிப் பேசுவார்கள், இதைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்.

ஒரு காலத்தில் பேசாமலே ஊருக்குத் தெரிந்தது. பனையோலைப் பாயைக் கிணற்றடியில் கழுவி வேலியில் விரித்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்; அதற்குள் அயலட்டைக்கும் செய்தி போய்விடும். இப்போது வேலி இருந்த இடத்தில் மதில், பாய் கிடந்த இடத்தில் மெத்தை. மானம் தப்பியது என்று தோன்றும். ஆனால் பாயைப்போல மெத்தையைக் கழுவ முடியாது. பல ஆயிரம் ரூபா கொடுத்து வாங்கிய மெத்தை மணக்கத் தொடங்கும்போது, பிள்ளையின் மேல் வருகிற கோபத்தில் பாதி அந்தப் பணத்தின் மேலானது. றப்பர் ஷீற்றைக் கீழே விரித்து, அதன்மேல் பழைய வேட்டியையோ சேலையையோ இரண்டாக மடித்துப் போட்டாலே அந்தப் பாதி போய்விடும். மருத்துவத்துக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இதுதான்.

அடுத்தது ஒரு கேள்வி. இந்தப் பிள்ளை எப்போதாவது தொடர்ந்து ஆறு மாதம் இரவில் நனைக்காமல் இருந்ததா?

இல்லை, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்றால், அது உடல் வளர்ச்சி சற்றுப் பிந்தியதன் விளைவு. பாய் நனைக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் இந்த வகைதான். 5 வயதுக்கு முன் இதற்கு நோய் என்று பெயர் வைப்பதே இல்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று மறுபடி தொடங்கினால் கதை வேறு. அங்கே ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. உடம்பிலோ வீட்டிலோ பாடசாலையிலோ அதைத் தேடத்தான் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் யாழ்ப்பாணத்தில் பாதிச் சிக்கல் பிறக்கிறது.

முதல் வகைப் பிள்ளைக்கு இரவில் என்ன நடக்கிறது? சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹோர்மோன் ஒன்று உண்டு. வாசோபிரசின் என்று பெயர். வழமையாக இரவில் அது கூடுதலாகச் சுரக்கும். அதனால்தான் வளர்ந்தவர்கள் ஏழெட்டு மணி நேரம் எழும்பாமல் நித்திரை கொள்கிறார்கள். சில பிள்ளைகளில் இந்த இரவுச் சுரப்பு கூடுவதில்லை என்பதை டென்மார்க்கின் ஓஹூஸ் நகர ஆய்வாளர்கள் 1980களில் காட்டினார்கள். இரவில் அவர்களுக்குச் சலம் பகலைப் போலவே ஊறுகிறது. வேறு சிலருக்குச் சலப்பையில் கொள்ளளவு குறைவு. பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் எதிர்பார்க்கக்கூடிய அளவு மில்லிலீற்றரில் வரும். 6 வயதுப் பிள்ளைக்கு 210. பகலில் இரண்டு மூன்று நாள் ஒரு அளவுச் சாடிக்குள் சலம் போகவிட்டு அளந்து பார்த்தால், 100 மில்லிலீற்றரிலேயே முட்டுகிற பிள்ளை எது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, எழும்பாமை. “நல்ல நித்திரை, தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாது” என்று தாய்மார் சொல்வதை வைத்தியர்கள் நெடுங்காலம் சிரித்துத் தள்ளிவிட்டார்கள். 1997இல் கனடாவின் ஒட்டாவா நகரில் சிறுவர்களை உறங்கவைத்து, காதில் ஒலிப்பான் பொருத்தி, 120 டெசிபல் வரை சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். பாய் நனைக்காத சிறுவர்கள் நூற்றுக்கு 40 தடவை விழித்தார்கள். நனைப்பவர்கள் 9 தடவைதான். தாய்மார் சொன்னது சரி. சலப்பை நிறைந்த செய்தி மூளைக்குப் போகிறது, மூளை எழும்புவதில்லை. சோம்பல் என்றும் வேண்டுமென்றே செய்வது என்றும் சொல்ல இதில் இடமே இல்லை.

இது குடும்பத்தில் ஓடும். தாய் தகப்பன் இருவருமே சிறு வயதில் நனைத்தவர்கள் என்றால் பிள்ளை நனைப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 77. ஒருவர் என்றால் 44. இருவருமே இல்லை என்றால் 15. 1995இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 13ஆவது குரோமோசோமில் இதற்கான இடமொன்றைக் குறித்துக் காட்டினார்கள். எந்த ஆய்வுகூடமும் இல்லாமல் அப்பம்மாவுக்கு இது தெரியும். “உன்ரை கொப்பரும் எட்டு வயசு மட்டும் பெய்தவர்தான்” என்று அவர் பேரனிடம் சொல்லும் ஒரு வசனம், பல நேரம் மருந்தை விடப் பெறுமதியானது. தகப்பனே சொன்னால் இன்னும் நல்லது. பெரும்பாலான தகப்பன்மார் மறந்துவிட்டதாக நடிக்கிறார்கள்.

வைத்தியங்களுக்குக் குறைவில்லை. ஏறத்தாழ கி.மு. 1550ஐச் சேர்ந்த எகிப்தியப் பாப்பிரசுச் சுவடி ஒன்றில் காய்களையும் பியரையும் கலந்த மருந்து இதற்கென்றே எழுதப்பட்டிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் குழந்தை வைத்தியம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய தோமஸ் ஃபேயர், சேவலின் மூச்சுக்குழாயைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னார். நம்மூரில் நூல் கட்டுவார்கள், திருநீறு போடுவார்கள், எள்ளுப்பாகு கொடுப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் குணமான பிள்ளைகளின் சாட்சி உண்டு. சாட்சிகள் பொய்யும் சொல்லவில்லை. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 15 பிள்ளைகளுக்கு எதுவும் செய்யாமலே இது நின்றுவிடுகிறது. அந்த ஆண்டு நூல் கட்டியிருந்தால் நூலுக்குப் பெயர், மாத்திரை கொடுத்திருந்தால் மாத்திரைக்குப் பெயர்.

அடிக்கும் அந்தப் பெயர் கிடைத்ததுண்டு. பீகாரின் மோதிஹாரியில் பிறந்த எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல், 8 வயதில் இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலை ஒன்றில் சேர்க்கப்பட்டபோது மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கினார். தலைமை ஆசிரியர் குதிரைச் சவுக்கால் அடித்ததில் சவுக்கே முறிந்தது. அவர் இறந்தபின் 1952இல் வெளியான நினைவுக் கட்டுரையில் அதை எழுதியிருக்கிறார். அதில் மறைக்காமல் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறார்: இன்னொரு தரம் அடி வாங்கியபின் நனைப்பது நின்றுவிட்டது, ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. நாற்பது வயதைத் தாண்டியும் அந்த அடியை அவரால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஓர்வெல்லின் கதை ஆறு மாதக் கேள்விக்கும் பொருந்துகிறது. அவர் அதற்கு முன் வீட்டில் ஆண்டுக்கணக்காக நனைக்காமல் இருந்தவர். வீட்டைப் பிரிந்ததுதான் நோய். இலங்கைக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடல் தண்டனையை விலக்கியது. வீட்டுச் சுவருக்குள் சுற்றறிக்கை வராது.

இரண்டாம் வகைக்கு வந்தால், குடாநாட்டின் அண்மைய வரலாற்றைத் தொடாமல் போக முடியாது. 1995 ஒக்ரோபர் 17இல் தொடங்கிய ‘சூரியக்கதிர்’ படை நடவடிக்கை வலிகாமம் கிழக்கு வழியாகத்தான் நகர்ந்தது. புத்தூர், நீர்வேலிச் சனம் முதலில் எழும்பியது. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. கோவில்களிலும் பாடசாலைகளிலும் மரங்களின் கீழும் படுத்த பிள்ளைகள் மறுபடி நனைக்கத் தொடங்கியதை அந்தக் காலத்துத் தாய்மார் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற நூலில் போர் இந்தச் சமூகத்தின் மனத்தில் ஏற்படுத்திய காயங்களைப் பதிவு செய்தார். இடம்பெயர்ந்த பிள்ளைகள் நனைப்பது இங்கு மட்டும் நடந்ததல்ல. 1939 செப்ரெம்பரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி பிரித்தானிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகள், கிராமங்களுக்கு அனுப்பப்பட்டபோது, நனைந்த படுக்கை அங்கே நாட்டுப் பிரச்சினையானது. பத்திரிகைகள் எழுதின, அதிகாரிகள் கூடிப் பேசினார்கள், கடைசியில் பிள்ளைகளை ஏற்ற வீட்டாருக்குச் சலவைச் செலவுக்கென்று அரசே படி கொடுத்தது. வெள்ளைக்காரர் செய்த மிகப் புத்திசாலித்தனமான வேலைகளில் ஒன்று அது என்று சொல்லலாம். குற்றம் யாருடையது என்று தேடாமல் சவர்க்காரத்துக்குக் காசு கொடுத்தார்கள்.

ஆனால் போர் விளக்கத்துக்கும் ஒரு எல்லை உண்டு. மூன்று தசாப்தம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே விடையாக இருந்ததால், ‘மனப் பாதிப்பு’ என்று சொல்லிவிட்டுப் பிறப்பிலிருந்தே நனைக்கும் சாதாரணப் பிள்ளையையும் உளவளத் துணைக்கு அனுப்பும் பழக்கம் வந்துவிட்டது. இன்று முதலாம் தரத்திலுள்ள பிள்ளை போர் முடிந்து பத்தாண்டுக்கும் பிந்திப் பிறந்தது. அது திடீரென்று நனைக்கத் தொடங்கினால் கிட்ட உள்ளதைத்தான் பார்க்கவேண்டும்: புதிதாகப் பிறந்த தங்கச்சி, வெளிநாடு போன அப்பா, மாறிய பாடசாலை, வகுப்பில் அடிக்கும் பெரிய பையன், இரவில் குடித்துவிட்டு வரும் ஆள். வடகிழக்குத் தமிழ் மாணவர்கள் 296 பேரிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வொன்று, போர் அனுபவமும் தகப்பனின் குடியும் வீட்டில் பிள்ளை அடிபடுவதோடு தொடர்புபட்டவை என்று காட்டியது. பிள்ளை யாராலாவது துன்புறுத்தப்படுகிறது என்ற ஐயம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது.

இனி, இரு வகைக்கும் பொதுவாக மறக்கப்படும் ஒன்று: வயிறு. சலப்பைக்கு நேர் பின்னால் இருப்பது மலக்குடல். பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கும் ஆசனத்தில் ஒருவர் பருத்தால் மற்றவருக்கு இடமில்லை. மலம் இறுகி அடைத்துக்கொண்டால் சலப்பை நசுங்கி, கொள்ளவேண்டிய அளவைக் கொள்ளாது. மொன்றியலில் வைத்தியர் ஷோன் ஓரிகன் 1980களின் நடுவில் இதைச் சுட்டிக்காட்டினார். 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் மலச்சிக்கலுக்கு வந்த 234 பிள்ளைகளில் நூற்றுக்கு 34 பேர் இரவில் நனைத்தார்கள். மலச்சிக்கல் சுகமானவர்களில் நூற்றுக்கு 63 பேருக்குப் பாய் நனைப்பதும் நின்றது. சலத்துக்கு ஒரு மருந்தும் கொடுக்கவில்லை.

நம் பிள்ளைகள் வெளிக்குப் போகும் நேரத்தைப் பாருங்கள். காலையில் ஏழு மணிக்குள் உடுத்தி, சாப்பிட்டு, வான் ஏறவேண்டும். கக்கூசில் இருக்க நேரமில்லை. பாடசாலைக் கழிப்பறை நாற்றமென்று அங்கே போவதில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் ரியூசன். “ஒவ்வொரு நாளும் போறான்” என்று தாய் சொல்வாள். ஆனால் ஆட்டுப் புழுக்கைபோல் போகிறதா, கழிப்பறை அடைக்குமளவுக்குப் பெரிதாகப் போகிறதா, உள்ளாடையில் கறை படிகிறதா என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். பப்பாப்பழம், கீரை, தவிட்டோடு கூடிய அரிசிமாப் புட்டு, சாப்பிட்டவுடன் காலூன்றிப் பத்து நிமிடம் இருக்கவைத்தல். இவை போதாவிட்டால் வைத்தியர் தரும் மலமிளக்கி. இதைச் சரிசெய்யாமல் வேறு எந்த வைத்தியம் தொடங்கினாலும் வீண்.

அடுத்தது தண்ணீர். மாலையில் தண்ணீரை நிறுத்துவது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம், பாதி பிழையான வைத்தியமும் அதுதான். பாடசாலைக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல் அப்படியே நிறைந்தபடி திரும்பி வருகிறது. வெயிலில் வந்த பிள்ளை நாலு மணிக்குப் பிறகுதான் குடிக்கத் தொடங்குகிறது. பிறகு பால் தேத்தண்ணி, இரவுச் சாப்பாட்டோடு இன்னொரு கோப்பை, பங்குனி சித்திரையில் வத்தகப்பழமும். அந்த நேரத்தில் தாகத்தோடு தடுத்தால் அது தண்டனை. 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1 லீற்றரிலிருந்து 1.4 லீற்றர் வரை தேவை. அதில் பெரும்பங்கை மத்தியானமும் அதற்கு முன்னரும் குடிக்கவைத்தால் இரவுக்குத் தாகமே வராது. பகலில் நன்றாகக் குடிக்கும் பிள்ளையின் சலப்பை விரிந்து பழகும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கொரு தடவை, அந்தரப்பட்டு ஓடும் நிலை வருமுன், சலம் போகவேண்டும். வகுப்பில் கை உயர்த்தும் பிள்ளையை ஆசிரியர் வெளியே விடவேண்டும். தேத்தண்ணியையும் கோலாவையும் மாலையில் விட்டுவிடலாம். படுக்கப்போக முன் ஒரு தடவை, கதை கேட்டுவிட்டு விளக்கணைக்க முன் இன்னொரு தடவை.

வீட்டுக்குள்ளேயே கழிப்பறை கட்டும் வழக்கம் பரவிவிட்டாலும், கிணற்றடிக்கு அப்பால் பின்வளவில் கக்கூசு உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. நடுச்சாமத்தில் வாழைக்குள்ளால் நடந்து போக வளர்ந்தவர்களே யோசிப்பார்கள். விழித்துக்கொண்ட பிள்ளை பயத்தில் அடக்கிப் படுத்துவிடும். கட்டில் பக்கத்தில் மூடியோடு ஒரு வாளி, ஒரு சின்ன விளக்கு. இவ்வளவுதான் வேண்டும்.

பதினொரு மணிக்குப் பிள்ளையை அரைத் தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போய்ச் சலம் போகவைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பாய் நனையாது, உண்மைதான். ஆனால் எழும்பக் கற்றுக்கொண்டது தாய். பிள்ளை உறங்கியபடியே போகிறது. பயணத்தின்போதும் விருந்தினர் வீட்டிலும் கைகொடுக்கும், குணமாக்காது. பம்பர்ஸ் கட்டுவதும் அப்படியே. நனையாத இரவுகளுக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டை வெளிநாட்டிலிருந்து வந்தது. அதில் ஒரு பிசகு: பிள்ளையின் கையில் இல்லாத ஒன்றுக்குப் பரிசு வைத்தால், நட்சத்திரம் விழாத இரவு ஒவ்வொன்றும் ஒரு தோல்வி. படுக்கமுன் சலம் போனதற்கும், காலையில் நனைந்த துணியைத் தானே வாளிக்குள் போட்டதற்கும் கொடுக்கலாம்.

குணமாக்கும் கருவி ஒன்று உண்டென்றால் அது மணி. 1904இல் குழந்தை வைத்தியர் மைன்ஹார்ட் வொன் ஃபாவுண்ட்லர், படுக்கை நனைந்ததும் தாதியரை அழைக்கவென்று ஒரு மின்மணியைப் பொருத்தினார். துணி மாற்றும் வேலையை இலகுவாக்குவதே நோக்கம். பிள்ளைகள் நனைப்பதையே நிறுத்தத் தொடங்கியதைக் கண்டு வியந்தார். 1938இல் அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதியர் அதை முறையான சிகிச்சையாக்கினார்கள். இன்றைய கருவி தீப்பெட்டியளவு. உள்ளாடையில் ஒரு உணரி, தோளில் ஒரு மணி. முதல் துளி பட்டதும் அலறும். முதல் வாரங்களில் வீடு முழுக்க எழும்பும், பிள்ளை மட்டும் எழும்பாது. தாயோ தகப்பனோ எழுப்பி, முகம் கழுவி, மிச்சச் சலத்தைப் போகவைத்து, மணியை மறுபடி மாட்டிப் படுக்கவிட வேண்டும். மெல்ல மெல்ல நனையும் இடம் சிறுக்கும், பிறகு மணிக்கு முன்பே பிள்ளை விழிக்கும். இரண்டிலிருந்து நான்கு மாதம் பிடிக்கும். தொடர்ந்து 14 இரவு நனையாவிட்டால் நிறுத்தலாம். பயன்படுத்தும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குணமடைகிறார்கள். சிலர் பின்னர் மறுபடி நனைப்பார்கள், மறுபடி மாட்டவேண்டும். 2010இல் பிரித்தானியாவின் ‘நைஸ்’ என்ற சுகாதார வழிகாட்டல் நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில் முதல் சிகிச்சையாக வைத்தது இதைத்தான். காலையில் ஐந்து மணிக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகும் வீட்டில், ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில், இது இலகுவான காரியமல்ல. இறைப்பு இல்லாத மாதங்களையோ பாடசாலை விடுமுறையையோ பார்த்துத் தொடங்குவது நல்லது.

கருவி வாங்க வசதியில்லாதவர்களுக்கு எகிப்தின் அஸ்யூத் நகர வைத்தியர்கள் 1999இல் ஒரு வழி சொன்னார்கள். சாதாரண அலாரக் கடிகாரம். பிள்ளை வழமையாக எத்தனை மணிக்கு நனைக்கிறது என்று சில இரவுகள் பார்த்து, அதற்குச் சற்று முன் மணி அடிக்க வைத்து, பிள்ளையை முழுதாக விழிக்கவைத்துத் தன் காலில் நடந்து போகச் செய்வது. தூக்கிக்கொண்டு போவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த நடையில்தான் இருக்கிறது. கைத்தொலைபேசி மணியே போதும்.

மருந்து கடைசியில்தான். 1967இல் பிராக் நகரில் உருவாக்கிய டெஸ்மோபிரசின், இல்லாத இரவு ஹோர்மோனுக்குப் பதிலாக நிற்கும். விழுங்கும் வரை பலன், நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி. சுற்றுலா, உறவினர் வீட்டுக் கலியாணம், சாரணர் பாசறை என்றால் நல்ல துணை. அதை விழுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, விழுங்கி எட்டு மணி நேரம் கழியும் வரை பிள்ளை தண்ணீர் குடிக்கக்கூடாது. குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். மூக்கில் விசிறும் வகையை இந்தத் தேவைக்குப் பயன்படுத்துவதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் 2007இல் நிறுத்தியதும் அதனால்தான். 1960இலிருந்து பயன்பட்டுவரும் இமிப்ரமின் மலிவானது, ஆனால் அளவு மீறினால் பிள்ளையின் இதயத்தையே நிறுத்திவிடும். பழைய துண்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி வைக்கும் மருந்தல்ல அது.

சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்க நேரமில்லை. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று நனைப்பதோடு ஓயாமல் தண்ணீர் கேட்டு மெலிந்துகொண்டு போனால், அன்றே இரத்தச் சீனி பார்க்கவேண்டும். முதலாம் வகை நீரிழிவு பல பிள்ளைகளில் இப்படித்தான் தலைகாட்டுகிறது. சலம் போகும்போது எரிவும் காய்ச்சலும் இருந்தால் கிருமித்தொற்று. இரவில் வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விடும் பிள்ளைக்குத் தொண்டைச் சதையைப் பார்க்கவேண்டும். அதை அகற்றியபின் நனைப்பது நின்ற பிள்ளைகள் ஏராளம். பகலிலும் சொட்டுச் சொட்டாக ஒழுகுவது, நடையில் தளர்ச்சி, முதுகின் அடியில் பள்ளமோ மயிர்க்கொத்தோ இருப்பது நரம்புக் கோளாறைக் காட்டலாம்.

இவை எதுவும் இல்லாவிட்டால் அவசரமில்லை. வீட்டுக்கு வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம், அல்லது பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு சுகாதார வைத்திய அதிகாரி வரும் நாளில் வாய் திறந்து சொல்லலாம். அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். காசு இல்லை, வரிசை மட்டும் உண்டு. போகும்போது ஒரு சின்னக் கொப்பியில் இரண்டு வாரக் கணக்கு எழுதிக்கொண்டு போவது நல்லது: எந்தெந்த இரவு நனைந்தது, எத்தனை மணிக்கு, பகலில் எத்தனை தடவை சலம் போனது, ஒரு தடவைக்கு எவ்வளவு, எந்த நாள் வெளிக்குப் போனது, நாலு மணிக்குப் பிறகு என்ன குடித்தது. அந்தக் கொப்பி கையில் இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிள்ளை பார்க்கும் கிளினிக்கிலும் வைத்தியர் மருந்துத் துண்டை எழுதமுன் கேள்வி கேட்பார்.